விரலில் வரும் வைரஸ் தொற்று: கீறுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

விரல் வீங்கிச் சிவந்து வலித்தால், பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் கடந்து கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வரையுள்ள எங்கள் தமிழ்நாடு–கேரள எல்லைப் பகுதியில் முதலில் காதில் விழும் சொல் ‘நகச்சுத்து’ என்பதுதான். எலுமிச்சம்பழத்தின் முனையை வெட்டி, அதற்குள் விரலை நுழைத்து, ஓர் இரவு முழுவதும் அப்படியே வைத்திருப்பார்கள். மறுநாளும் வலி குறையவில்லை என்றால் ஊசியைச் சூடுகாட்டிக் குத்துவதும், தெரிந்த கம்பவுண்டரிடம் போய்க் கீறிக்கொள்வதும் வழக்கம். நகக்கண்ணில் பாக்டீரியாவால் சீழ் பிடித்திருந்தால், அதை முறைப்படி கீறி வெளியேற்றுவது சரியான மருத்துவமே. ஆனால் அதே இடத்தில், ஏறக்குறைய அதே தோற்றத்தில் வைரஸ் தொற்றும் வருகிறது. அதைக் கீறினால் வெளியேறுவதற்குச் சீழ் இருக்காது. புண் பெரிதாகும், கீறிய வாய் வழியாகப் பாக்டீரியாவும் உள்ளே புகும்.

இது என் விரலுக்கே நேர்ந்தது. செவிலியர் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், நினைவிழந்த நோயாளி ஒருவரின் வாயைக் கையுறை அணியாமல் சுத்தம் செய்தேன். ஏழெட்டு நாட்களில் வலது ஆள்காட்டி விரலின் நுனி எரியத் தொடங்கி, மறுநாள் சிவந்து, அதற்கடுத்த நாள் கொப்புளம் கட்டியது. பணி செய்த இடத்திலேயே அதை நகச்சுத்து என்று கருதிக் கீறினார்கள். சீழ் வரவில்லை, கலங்கிய நீரும் இரத்தமும்தான் வந்தன. மூன்று வாரத்தில் தானாக ஆறியிருக்க வேண்டிய விரல் ஆறுவதற்கு இரண்டு மாதங்கள் பிடித்தன. பிற்காலத்தில் பால் கறப்பவர்கள், ஆடு வளர்ப்பவர்கள், மீன் வெட்டுபவர்கள் எனப் பலருடைய விரல்களைப் பார்த்த பிறகு, இந்த வேறுபாட்டைப் படிப்படியாக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

முதற்படி: விரலைத் தொடாமல், அதன் கதையைக் கேளுங்கள்

விரலைப் பிடித்து அமுக்கிப் பார்ப்பதற்கு முன் சில கேள்விகளுக்கு விடை தேடுங்கள். எத்தனை நாட்களாக இருக்கிறது? முதலில் வந்தது வலியா, எரிச்சலா, வீக்கமா? கடந்த மூன்று வாரங்களில் அந்தக் கை எதையெல்லாம் தொட்டது? வாயில் புண் வந்த குழந்தைக்குச் சோறு ஊட்டியிருக்கலாம். உதட்டோரத்தில் சூட்டுக் கொப்புளம் வந்தபோது அதைக் கிள்ளியிருக்கலாம். காம்பில் புண் வந்த மாட்டைக் கறந்திருக்கலாம். வாயைச் சுற்றிப் பொருக்குத் தட்டிய ஆட்டுக்குட்டிக்குப் பாட்டிலில் பால் புகட்டியிருக்கலாம். இதே விரலில் இதே இடத்தில் முன்பும் இப்படி வந்ததுண்டா என்ற கேள்வி மிக முக்கியமானது. ‘ஆமாம், போன வருடமும் வந்தது’ என்ற விடை, உதட்டோரக் கொப்புளத்தையும் உண்டாக்கும் ஹெர்பிஸ் என்ற வைரஸின் பக்கம் வலுவாகக் கைகாட்டுகிறது.

பிறகு நல்ல வெளிச்சத்தில் அந்த விரலைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். வைரஸ் தொற்றின் தோற்றம் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே போகும். மருத்துவரிடம் போகும் நாளில் கொப்புளம் உடைந்து பொருக்காகியிருந்தால், முதல் நாள் படம்தான் அவருக்கு வழிகாட்டும்.

இரண்டாம் படி: சீழா, கொப்புளமா?

இந்தப் படியில் நிதானம் தேவை.

பாக்டீரியாவால் வரும் உண்மையான நகச்சுற்று, நகத்தின் ஓரத்து மடிப்பில் உட்காரும். நகத்தைக் கடித்த பின்போ, ஓரத்துத் தோலைப் பிய்த்த பின்போ, தேங்காய் உரிக்கும்போது நார் குத்திய பின்போ வரும். அந்த மடிப்பு மட்டும் உப்பி, உள்ளே மஞ்சளாகச் சீழ் தேங்கி நிற்பது தெரியும். விரல்நுனியின் உட்புறச் சதைக்குள் சீழ் கட்டினால் அது வேறு நிலை: நுனி முழுவதும் கல் போல் இறுகி, நெஞ்சுத் துடிப்போடு சேர்ந்து விண்விண்ணென்று தெறிக்கும், இரவில் கையைத் தொங்கவிட முடியாது. இவ்விரண்டுக்கும் மருத்துவரின் கத்தி தேவைப்படலாம்.

ஹெர்பிஸ் தொற்று இப்படித் தொடங்குவதில்லை. கண்ணுக்கு எதுவும் தெரிவதற்கு முன்பே, ஒன்றிரண்டு நாட்கள், விரலில் எறும்பு ஊர்வது போன்ற சுருசுருப்பும் எரிச்சலும் இருக்கும். பிறகு சிவந்த தோலின் மேல் கடுகளவிலான நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழும்பும். ஒவ்வொன்றும் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் வரை இருக்கும். அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய கொப்புளமாகலாம், உள்ளிருக்கும் தெளிந்த நீர் சில நாட்களில் கலங்கலாம். அந்தக் கலங்கலைத்தான் சீழ் என்று தவறாக எண்ணுகிறோம். என் விரலில் நேர்ந்த தவறும் அதுவே. வேறுபாட்டைக் காட்டுவது நுனிச்சதை: வலி கடுமையாக இருந்தாலும் சதை கல்லாக இறுகியிருக்காது, மெதுவாகத் தொட்டால் மென்மையாகவே இருக்கும். வலி, தோற்றத்துக்குப் பொருந்தாத அளவுக்கு அதிகமாக இருக்கும். முழங்கையின் உட்பக்கத்திலோ அக்குளிலோ நெறி கட்டலாம், இலேசான காய்ச்சலும் வரலாம். ஆனால் நெறி கட்டுவது பாக்டீரியாத் தொற்றிலும் உண்டு என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது.

உறுதியாகத் தெரியவில்லை என்றால் கீறாமல் இருப்பதும், அதே நாளில் மருத்துவரிடம் காட்டுவதும்தான் சரி. கொப்புளத்தின் அடியிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்த நீரை, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு அனுப்பினால் ஹெர்பிஸா இல்லையா என்பது உறுதியாகும். அந்த வசதி இல்லாத இடங்களில், கொப்புளத்தின் அடியைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவி, பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்கள் இருக்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள்.

மூன்றாம் படி: எந்த வைரஸ் என்று பிரித்தறியுங்கள்

ஹெர்பிஸ் விட்லோ

விரலில் வரும் ஹெர்பிஸ் தொற்றை மருத்துவர்கள் ஹெர்பெடிக் விட்லோ என்கிறார்கள். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் முதல் வகை, இரண்டாம் வகை ஆகிய இரண்டுமே இதை உண்டாக்கும். முதல் வகைதான் உதட்டோரக் கொப்புளத்துக்கும் காரணம். உலகில் 50 வயதுக்கு உட்பட்டோரில் பாதிக்கும் மேற்பட்டோரின் உடலில் அது இருக்கிறது. இரண்டாம் வகை பெரும்பாலும் பிறப்புறுப்புப் பகுதியைச் சார்ந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஹெர்பிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் குடும்பத்தில் சந்தேகமும் அவமானமும் எழுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். விரலில் ஹெர்பிஸ் வந்தது ஒருவருடைய நடத்தையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. வாயில் புண்ணோடு விரல் சூப்பும் குழந்தைக்கும் வரும், பல் மருத்துவருக்கும் வரும், படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரின் வாயைத் துடைத்துவிடும் மருமகளுக்கும் வரும்.

வைரஸ் உள்ளே புகுவதற்குத் தோலில் சிறு கீறல் போதும். புகுந்த 2 முதல் 20 நாட்களுக்குள் அறிகுறி தெரியும். அடுத்த ஏழு முதல் பத்து நாட்கள் வரை புதிய கொப்புளங்கள் எழலாம். பிறகு அவை உடைந்து பொருக்குத் தட்டி, மொத்தம் இரண்டு முதல் நான்கு வாரங்களில் ஆறிவிடும். எல்லாக் கொப்புளங்களும் பொருக்காகும் வரை அந்த விரல் பிறருக்கு நோயைக் கொடுக்கும்.

தானாக ஆறும் நோய்தான் என்றாலும் மருந்து உதவும். அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர், ஃபாம்சைக்ளோவிர் ஆகிய மாத்திரைகள் வைரஸ் பெருகுவதைத் தடுக்கின்றன. அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். வளர்ந்தவர்களுக்கு அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் மூன்று வேளை, அல்லது 200 மில்லிகிராம் ஐந்து வேளை என 7 முதல் 10 நாட்களுக்கு எழுதுவது வழக்கம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைத்தாக வேண்டும். எல்லோரும் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்காதீர்கள். அசைக்ளோவிர் பிறந்த ஆய்வுக்கூடத்தில் முன்னின்ற கெர்ட்ரூட் எலியன் என்ற பெண்மணி 1988-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதற்கு முந்தைய தலைமுறைக்கு வைரஸைக் குறிவைக்கும் மாத்திரை ஏறக்குறைய இல்லாமலே இருந்தது என்பதை எண்ணும்போது, இந்த மருந்து கையருகே இருந்தும் கத்தியை நாடுவது எனக்கு வேதனையாகவே இருக்கிறது.

கடைகளில் கேட்டவுடன் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை இந்த விரலில் தடவவே கூடாது. சிவப்பு குறைவது போல் தெரியும், உள்ளே வைரஸ் பரவும். ஆன்டிபயாடிக் மாத்திரையும் வைரஸை ஒன்றும் செய்யாது. பாக்டீரியாவும் சேர்ந்துகொண்டது என்று மருத்துவர் கண்டால் மட்டுமே அதற்கு வேலை உண்டு.

மரு

மனிதப் பாப்பிலோமா வைரஸில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன; விரல் மருவுக்குக் காரணமானவை அவற்றுள் சில. மருவில் எரிச்சலோ நீரோ இருக்காது. சொரசொரப்பாக, தோலின் இயல்பான ரேகைகளை மறித்துக்கொண்டு மேடாக எழும்பும். மேற்பரப்பைச் சற்றுத் தேய்த்தால் உள்ளே கரும்புள்ளிகள் தெரியும். அவை வேர்கள் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அவை இரத்தம் உறைந்த நுண்குழாய்கள். நகம் கடிப்பவர்களுக்கு நகத்தைச் சுற்றியே வரிசையாக மரு வருவதும், சொறிந்த கோட்டின் மேலேயே அடுத்தடுத்து முளைப்பதும், வைரஸ் கீறல் வழியே பரவுவதன் அடையாளங்கள். இறைச்சியும் மீனும் வெட்டுபவர்களுடைய கைகளில் இந்த வைரஸின் 7-ஆம் வகை மிகுதியாகக் காணப்படுகிறது. ஈரமும் குளிர்ச்சியும் சிறு வெட்டுகளும் சேர்ந்த கை அதற்கு ஏற்ற இடம்.

எங்கள் பக்கத்தில் மருவுக்குக் குதிரைவால் முடியைக் கட்டுவார்கள். அம்மன் கோயிலில் உப்பும் மிளகும் போடுவதாக நேர்ந்துகொள்வார்கள். வேண்டுதலால் கெடுதல் ஏதும் இல்லை. சிறுவர்களின் மருக்களில் பாதிக்கு மேல் இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே உதிர்ந்துவிடுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைப்பதையும், சேங்கொட்டைப் பாலையோ முந்திரிக்கொட்டை எண்ணெயையோ சொட்டுவதையும் தயவுசெய்து கைவிடுங்கள். அவை மருவோடு நல்ல தோலையும் சேர்த்துச் சுட்டுவிடும். நகத்தின் அடியிலுள்ள முளைப்பகுதி வெந்துபோனால், அந்த நகம் வாழ்நாள் முழுவதும் கோணலாகவே வளரும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சிகிச்சை சாலிசிலிக் அமிலம். 17 விழுக்காடு அளவில் திரவமாகக் கிடைக்கும். இரவில் விரலை வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவையுங்கள். நகம் தேய்க்கும் அட்டையால் மருவின் மேல்தோலை இரத்தம் வராத அளவுக்குத் தேய்த்துவிட்டு, சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் தடவுங்கள். அதன் பிறகு மருவின் மேல் மட்டும் ஒரு சொட்டு வைத்துக் காயவிடுங்கள். தேய்த்த அட்டையை வேறு விரலுக்கோ வேறொருவருக்கோ பயன்படுத்தக் கூடாது. இதைப் பன்னிரண்டு வாரம் வரை விடாமல் செய்ய வேண்டியிருக்கும். இரண்டு வாரத்தில் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று நிறுத்துவோர்தான் அதிகம். மருந்து தோற்பதைவிடப் பொறுமை தோற்பதே மிகுதி. தோல் சிவந்து எரிந்தால் இரண்டு மூன்று நாள் இடைவெளி விடலாம். நீரிழிவு உள்ளவர்களும் கையில் உணர்ச்சி குறைந்தவர்களும் இதைத் தாமாகச் செய்யாமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். அங்கே மைனஸ் 196 டிகிரியிலுள்ள திரவ நைட்ரஜனால் மருவை உறையவைப்பார்கள்; சில வார இடைவெளியில் பலமுறை செய்ய நேரிடும்.

நடுவயதைக் கடந்த ஒருவருக்கு ஒரே ஒரு விரலின் நகத்தடியில் மாதக்கணக்காக ஆறாமல், கசிந்துகொண்டோ நகத்தை உயர்த்திக்கொண்டோ மரு போன்ற ஒன்று இருந்தால், அதை மரு என்று எண்ணிக் காலம் கடத்தக் கூடாது. தோல் புற்றுநோய் அப்படியும் தோன்றும். சதைத்துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும்.

ஆட்டிலிருந்தும் மாட்டிலிருந்தும் வருபவை

பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து கேரளத்துக்கு மாடுகள் போகும் வழியிலேயே எங்கள் ஊர்கள் இருக்கின்றன. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டாரத்தில் கறவை மாடு இல்லாத தெரு அரிது. ஆகவே இந்தப் பகுதியை விரிவாகவே எழுதுகிறேன்.

பசுவின் காம்பில் சிறு கொப்புளமும் பொருக்கும் வந்து, கறக்கும்போது மாடு உதைத்தால், அது பொய்யம்மை எனப்படும் வைரஸாக இருக்கலாம். அந்தக் காம்பைக் கறந்தவருடைய விரலில், 5 முதல் 14 நாட்களில், வலி அதிகமில்லாத செந்நீலக் கட்டி ஒன்றோ இரண்டோ எழும்பும். முதலில் தட்டையாக, பின் நடுவில் வெளுத்து ஓரம் சிவந்து இலக்குப் பலகை போல் வட்டம் வட்டமாக, பின் நீர் கசிந்து, கடைசியில் பொருக்காகும். செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் வாயைச் சுற்றிப் பொருக்குப் பொருக்காகப் புண் வரும் நோயின் வைரஸுக்கு ஆர்ஃப் என்று பெயர். அதுவும் மனித விரலில் ஏறக்குறைய இதே தோற்றத்தில்தான் வரும். குட்டிக்குப் பால் புகட்டுபவர்களுக்கும் ஆடு உரிப்பவர்களுக்கும் தொற்றும். இரண்டும் நான்கு முதல் எட்டு வாரங்களில் தழும்பின்றித் தாமாக ஆறுகின்றன. மனிதரிடமிருந்து மனிதருக்குச் சாதாரணமாகப் பரவுவதில்லை. எருமை அம்மையும் கறப்பவர்களின் கையில் புண்ணை உண்டாக்கும். இந்தியாவில் அது பலமுறை பரவியிருக்கிறது.

இவற்றுக்குத் தனி மருந்து தேவையில்லை என்பதாலேயே, தேவையில்லாமல் வெட்டுவது இவற்றில்தான் மிகுதியாக நடக்கிறது. ஒருமுறை பால் கறக்கும் அண்ணன் ஒருவர் விரலை நீட்டி, ‘அக்கா, இது நகச்சுத்துங்களா, கீறிவிட்டுடலாமுங்களா?’ என்று கேட்டார். கட்டி நகத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி இருந்தது, நடுவில் வெளுத்து ஓரம் சிவந்திருந்தது. ‘வீட்டுல எந்த மாட்டுக்காச்சும் காம்புல புண்ணு இருக்குங்களாண்ணா?’ என்று கேட்டதும் சிரித்துவிட்டு, வந்து பத்து நாளான சிந்து மாட்டைப் பற்றிச் சொன்னார். மருத்துவரும் பார்த்து உறுதிசெய்தார். தினமும் சோப்பு போட்டுக் கழுவித் துணிக்கட்டு மட்டும் போட்டார். ஆறாவது வாரத்தில் விரல் பழையபடி ஆகியிருந்தது.

பால் கறப்பவர்களின் விரல் மருத்துவ வரலாற்றில் சிறிய இடம் பெற்றதன்று. 1796-இல் இங்கிலாந்தில் சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்து நீரை எடுத்தே எட்வர்ட் ஜென்னர் ஒரு சிறுவனுக்கு வைத்து, பெரியம்மைக்கான தடுப்பூசிக்கு வழி திறந்தார்.

மாட்டுக்காரர்கள் அஞ்சிக் கேட்கும் வேறு இரண்டு நோய்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2019 முதல் இந்திய மாடுகளில் பரவிவரும் தோல் கழலை நோய் மனிதருக்கு வருவதில்லை. கோமாரியும் மனிதருக்கு வருவது மிக மிக அரிது. ஆனால் ஆந்த்ராக்ஸ் எனப்படும் அடைப்பான் அப்படியன்று. அது வைரஸ் அன்று, பாக்டீரியா. திடீரென்று இறந்த ஆட்டையோ மாட்டையோ தொட்ட பின், விரலிலோ கையிலோ வலியில்லாத புண் வந்து, சுற்றிலும் வீங்கி, நடுவில் கரிக்கட்டை போல் கறுத்தால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், இறந்த கால்நடையைப் பற்றியும் அங்கே சொல்ல வேண்டும்.

தடுப்புக்கு: காம்பில் புண் உள்ள மாட்டைக் கடைசியாகக் கறக்க வேண்டும். கறந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். கையில் வெட்டுக்காயம் இருக்கும் நாட்களில் கையுறை அணிய வேண்டும். ஆட்டின் வாய்ப் பொருக்கு உதிர்ந்து பட்டியில் காய்ந்து கிடந்தாலும் ஆர்ஃப் வைரஸ் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும் என்பதால், அந்தக் குப்பையை வெறுங்கையால் அள்ளக் கூடாது.

குழந்தைகளின் விரல்கள்

கை கால் வாய் நோயில் உள்ளங்கையிலும் விரல்களிலும் சாம்பல் நிற நீள்வட்டக் கொப்புளங்களும், வாய்க்குள் புண்ணும், காய்ச்சலும் வரும். காக்சாக்கி வைரஸ்கள் உள்ளிட்ட என்டரோவைரஸ்கள் காரணம். 2022-இல் கொல்லம் மாவட்டத்தில் தக்காளிக் காய்ச்சல் என்று செய்தியானபோது, வாளையாறு எல்லையில் தமிழ்நாட்டுச் சுகாதாரக் குழுவினர் வாகனங்களை நிறுத்திக் குழந்தைகளைப் பார்த்தார்கள். அதுவும் இந்நோயின் ஒரு வடிவமே என்று ஆய்வில் தெரிந்தது. ஏழு முதல் பத்து நாட்களில் தானாகத் தீரும். பாராசிட்டமாலும், ஆறிய கஞ்சியும், மோரும், இளநீருமே மருந்து. ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தாலோ, குழந்தை தூக்கிப்போட்டாலோ, எழுப்ப முடியாமல் சோர்ந்தாலோ, சிறுநீர் கழிக்காவிட்டாலோ தாமதிக்கக் கூடாது. நோய் தீர்ந்து ஒன்றிரண்டு மாதம் கழித்துக் குழந்தையின் நகங்கள் அடியிலிருந்து கழன்று விழலாம். பெற்றோர் திடுக்கிட்டு ஓடிவருவார்கள். பயப்பட ஏதுமில்லை, புதிய நகம் முளைத்துவிடும்.

அக்கி

தோளிலிருந்தோ முழங்கையிலிருந்தோ ஒரு பக்கமாக வரிவரியாகக் கொப்புளம் இறங்கி விரல் வரை வந்தால் அது அக்கி. சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழுவது. செங்காவி பூசி அக்கி எழுதுவது நம்மிடையே பழைய வழக்கம். அதற்காகக் காத்திருப்பதுதான் ஆபத்து: கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்க வேண்டும். உடைந்த கொப்புளத்தின் மேல் மண் படக் கூடாது.

நான்காம் படி: இன்றே வீட்டில் செய்ய வேண்டியவை

எந்த வைரஸ் என்று தெரிவதற்கு முன்பே செய்யக்கூடியவை இவை. மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், வீங்கிய பிறகு கழற்றுவது கடினம். விரலைச் சோப்பு நீரில் மெதுவாகக் கழுவி, ஒற்றி உலர்த்தி, ஒட்டாத மெல்லிய துணியால் தளர்வாகக் கட்டுங்கள். கையை நெஞ்சு உயரத்தில் தாங்கி வையுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். கொப்புளத்தை உடைக்காதீர்கள், எலுமிச்சை அமிலத்தை அதன் மேல் ஊற்றாதீர்கள், மஞ்சளும் சுண்ணாம்பும் பற்றுப் போடாதீர்கள்.

அந்த விரலால் கண்ணைத் தொடக் கூடாது. ஹெர்பிஸ் கருவிழியில் இறங்கினால் பார்வையே போகக்கூடும். ஆகவே கண்ணில் லென்ஸ் அணிபவர்கள் அது ஆறும் வரை மூக்குக்கண்ணாடிக்கு மாறிக்கொள்ளுங்கள். பச்சிளங்குழந்தையைத் தொடக் கூடாது. பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்கு ஹெர்பிஸ் உயிராபத்து. வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்தால், பாட்டியே ஆனாலும் குளிப்பாட்டும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். இதைச் சொல்லும்போது மனத்தாங்கல் வரும். வந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

துண்டு, நகவெட்டி, கத்தி ஆகியவற்றைத் தனியாக வையுங்கள். கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம் ஹெர்பிஸை அழிக்கும். ஆனால் மரு வைரஸையும் கை கால் வாய் நோயின் வைரஸையும் அது அவ்வளவு எளிதில் அழிப்பதில்லை. சோப்பும் ஓடும் நீரும் எல்லாவற்றுக்கும் பொது.

ஐந்தாம் படி: மருத்துவரிடம் சொல்ல வேண்டிய சொற்கள்

எல்லையில் வாழ்பவர்கள் சில நாள் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், சில நாள் கேரளத்தின் குடும்பாரோக்கிய கேந்திரத்துக்கும் போகிறோம். அங்கே சொற்கள் தடுமாற வைக்கும். மலையாளத்தில் ‘பழுப்பு’ என்றால் சீழ்; ‘பழுப்பு உண்டோ’ என்று மருத்துவர் கேட்டால், நிறத்தைக் கேட்கிறார் என்று எண்ணி ‘ஆமாம், கொஞ்சம் பழுப்பாக இருக்கிறது’ என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு விடை கத்தியை வரவழைத்துவிடும். கொப்புளத்துக்கு ‘குமிள’ என்றும், சுருசுருப்புக்கு ‘தரிப்பு’ என்றும், மருவுக்கு ‘அரிம்பாற’ என்றும் சொல்லலாம். ‘முதலில் தரிப்பு, பிறகு குமிள, பழுப்பு இல்லை’ என்று வரிசையாகச் சொன்னாலே அவருக்குப் பாதி விளங்கிவிடும். நீரிழிவு, எச்ஐவி, புற்றுநோய்ச் சிகிச்சை, உறுப்பு மாற்று, கருவுற்றிருத்தல் ஆகியவற்றுள் எது இருந்தாலும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு இந்தச் சிறு கொப்புளம் ஆழமான புண்ணாக மாறக்கூடும்.

பின்வருவன கண்டால் முன்பதிவுக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்: விரல் முழுவதும் சமமாக வீங்கி, இலேசாக மடங்கியே நின்று, பிறர் அதை நிமிர்த்தினால் உயிர்போகும் வலி வந்து, உள்ளங்கை வரை தசைநாணின் வழியெங்கும் தொட்டால் வலிப்பது. இந்த நான்கும் சேர்ந்தால் தசைநாண் உறைக்குள் சீழ் இருக்கலாம், தாமதித்தால் விரலின் அசைவே போய்விடலாம். கையில் சிவப்புக் கோடு மேலேறுதல், குளிரோடு காய்ச்சல், நுனி கறுத்தல், கண் சிவந்து கூசுதல் ஆகியவையும் அதே அவசரத்துக்கு உரியவை. 108 வண்டி இரு மாநிலங்களிலும் உண்டு.

ஆறாம் படி: வேலைக்குத் திரும்புதலும், மீண்டும் வருதலும்

ஹெர்பிஸ் விட்லோ வந்தவர் சமையல், பிள்ளை பராமரிப்பு, மருத்துவப் பணி, முடிதிருத்தம் போன்ற பிறரைத் தொடும் வேலைகளுக்கு எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்கான பின்பே திரும்ப வேண்டும். கையுறை போட்டுக்கொண்டால் போதாதா என்று கேட்பார்கள். ஈரக் கொப்புளத்தின் மேல் கையுறை வியர்த்து, புண் ஊறிப் போவதைக் கண்டிருக்கிறேன். நாட்கூலி இழப்பு சிறிய விஷயமன்று என்பதை அறிந்தேதான் சொல்கிறேன். மருத்துவரிடம் சான்று கேட்டு வாங்கி, இயன்றால் ஒரு வாரத்துக்குத் தொடாத வேலைக்கு மாற்றிக் கேளுங்கள். மருவுக்கும் ஆர்ஃபுக்கும் நீர்புகாத ஒட்டுத்துணியால் மூடிக்கொண்டு வேலை செய்யலாம்.

ஹெர்பிஸ் ஆறிய பின் வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. அந்த விரலின் நரம்பு வழியே ஏறி, முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சில் தங்கிவிடுகிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முதல் இருவரில் ஒருவர் வரை மீண்டும் வரக் காண்கிறார்கள். காய்ச்சல், கடும் வெயில், தூக்கமின்மை, விரலில் அடி ஆகியவற்றை அடுத்து வரலாம். பொதுவாக முதல் தடவையைவிட மென்மையாகவும் குறைந்த நாட்களிலும் முடிந்துவிடும். ஆண்டுக்குப் பலமுறை வருபவர்களுக்கு மருத்துவர் சில மாதங்கள் தினமும் குறைந்த அளவு மாத்திரை கொடுப்பதும் உண்டு.

எனக்கு இதுவரை நான்கு முறை திரும்ப வந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் அதே ஆள்காட்டி விரலில், நகத்துக்குக் கீழே அதே இடத்தில். மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை அவர் சொன்னபடி வீட்டிலேயே வைத்திருக்கிறேன். சுருசுருப்பு தொடங்கிய அன்றே அதைத் தொடங்கி, விரலில் துணி சுற்றி, பேரனின் தொட்டிலை என் மருமகளிடம் விட்டுவிடுவேன். கடைசி இருமுறை கொப்புளம் கட்டவே இல்லை. மூன்றாம் நாள் எரிச்சல் அடங்கியது.